இரட்சிப்பை இழந்துபோக முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்வென்ஷன் கடைசி நாள் கூட்டம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்று கேட்பார். "அண்ணே, ஒரு சந்தேகம்." ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் ஐக்கியத்திலும் இருபது வருடத்துக்கு மேலாகப் பாடம் எடுக்கிறேன், இந்த ஒரு சந்தேகம் வந்த அளவுக்கு வேறு எதுவும் என்னிடம் வந்ததில்லை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் சபைகளுக்குக் குறைவில்லை, பிரசங்கத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் கேட்கிறவர்களில் பலர் வேதத்தை ஆராய்வதற்காகக் கேட்பதில்லை, ராத்திரி தூக்கம் வராமல் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, நான் போதகர் இல்லை. வசனங்கள் நம் வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இரட்சிப்பு போகுமா, போகாதா?

கிறிஸ்துவிடம் உண்மையாய் வந்தவரை அவர் கடைசிவரை காப்பார், விடமாட்டார். இதுதான் என் விசுவாசம். "நான் அவைகளுக்கு நித்தியஜீவனைக் கொடுக்கிறேன், அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" (யோவான் 10:28). ஒருக்காலும் என்று அவர் சொன்ன பிறகு நான் அதற்கு விதிவிலக்கு எழுத முடியாது.

ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் கையில் கொடுத்து யாரையும் வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. ஏனென்றால் அதே வேதம்தான் "தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்" (1 கொரிந்தியர் 10:12) என்றும் சொல்கிறது. வாக்குத்தத்தம் ஒரு பக்கம், எச்சரிப்பு ஒரு பக்கம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடுவதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம்.

இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்பதற்கு எனக்கு உதவியது அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரம். பவுல் போன கப்பலில் 276 பேர். புயல் பல நாட்களாக அடிக்கிறது, சூரியனும் இல்லை நட்சத்திரமும் இல்லை. அப்போது தேவதூதன் வந்து, கப்பல் சேதமாகும், ஆனால் ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது என்கிறான். முடிந்துபோன விஷயம், கடவுள் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன நடக்கிறது? கப்பலாட்கள் நங்கூரம் போடப் போவதுபோலப் பாவனை செய்து படவை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். உடனே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம், "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறான். போர்ச்சேவகர் கயிற்றை அறுத்துப் படவைக் கடலில் விடுகிறார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவர் நீந்தியும், தெரியாதவர் பலகையைப் பிடித்தும், எல்லாரும் கரை சேர்ந்தார்கள்.

கவனித்தீர்களா, வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை. எச்சரிப்பும் நாடகம் இல்லை. அந்த எச்சரிப்பைக் கொண்டுதான் வாக்குத்தத்தம் நிறைவேறியது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்துக் கிடந்த மாவட்டம் நம்முடையது. கரை சேருவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். தேவன் தம்முடையவர்களைக் கரை சேர்ப்பார், "கப்பலை விட்டு இறங்காதே" என்று கத்திக் கத்தியே சேர்ப்பார். கீழே வருகிற பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அஸ்திபாரம்.

அப்படியானால் எபிரெயர் 6ஆம் அதிகாரம்? அதை வாசித்தால் கை நடுங்குகிறதே?

நடுங்க வேண்டிய வசனம்தான். "ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும், பரமஈவை ருசிபார்த்தும், பரிசுத்த ஆவியைப் பெற்றும்..." என்று வரிசையாகச் சொல்லி, இப்படிப்பட்டவர்கள் மறுதலித்துப்போனால் மனந்திரும்புதலுக்கு ஏதுவாக அவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாத காரியம் என்கிறது (6:4-6). இதை நாலு விதமாக விளக்குகிறார்கள். உண்மையான விசுவாசிகளே இழந்துபோவதைச் சொல்கிறது என்பது ஒன்று. உள்ளே வேர் பிடிக்காமல் ருசி மட்டும் பார்த்தவர்களைச் சொல்கிறது என்பது இன்னொன்று. நடக்காத ஒன்றை நடந்தால் என்று வைத்துப் பேசுகிறது, இரட்சிப்பு அல்ல பலன்தான் போகும் என்று மற்ற இரண்டு. கடைசி இரண்டும் வசனத்தின் கடுமையைக் குறைத்துவிடுகின்றன என்பது என் எண்ணம்.

நான் இரண்டாவது விளக்கத்தின் பக்கம். ஆனால் அது எளிதில் ஜெயித்துவிடுகிற விளக்கம் என்று சொல்லமாட்டேன். "பரிசுத்த ஆவியைப் பெற்றும்" என்ற வார்த்தை முட்டுகிறது. கிரேக்கத்தில் அங்கே இருக்கிறது பங்காளிகள் என்று பொருள்படும் மெட்டொகொய் என்ற சொல். நம் தமிழில் "பெற்றும்" என்று வந்ததால் இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. அதே சொல்தான் 3:14இல் "கிறிஸ்துவினிடத்தில் பங்குள்ளவர்கள்" என்று வருகிறது, இழக்க முடியும் என்பவர்களுக்கு இது நல்ல பலம். ஆனால் அந்த 3:14ஐ முழுசாகப் பாருங்கள். ஆரம்பத்தில் கொண்ட நம்பிக்கையை முடிவுவரை பிடித்துக்கொண்டிருந்தால் நாம் கிறிஸ்துவின் பங்காளிகள் ஆகியிருக்கிறோம் என்பதே கிரேக்கத்தின் அமைப்பு. இனிமேல் ஆவோம் என்று அல்ல. அதாவது, கடைசிவரை நிலைத்திருப்பது முன்னமே உள்ளே நடந்துவிட்ட ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. அடுத்து 6:7-8இல் நிலத்தைச் சொல்கிறார். இரண்டு நிலத்திலும் ஒரே மழை. ஒன்று பயிர் தருகிறது, மற்றது முள் தருகிறது. மழை பெய்யவில்லை என்று இரண்டாவது நிலம் சொல்ல முடியாது. ஆவியானவருடைய மழையில் நனைந்தும் முள்ளே முளைப்பது சாத்தியம், அதுதான் பயங்கரம். இதை எழுதிய கையோடு ஆசிரியர், "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்" (6:9) என்று தொடர்கிறார். 6:6இல் நிறுத்தி 9க்கு வராத பிரசங்கம் பாதிப் பிரசங்கம்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பகுதியை வைத்து "நீ இரட்சிப்பை இழந்துவிட்டாய், இன்று ராத்திரி கை தூக்கி மறுபடி பெற்றுக்கொள்" என்று பிரசங்கிக்கிறார்கள். இழப்பதைப் பற்றித்தான் இந்த வசனம் என்றால், மறுபடி புதுப்பிக்க முடியாது என்றும் அதே வசனம்தான் சொல்கிறது. வருஷா வருஷம் இழந்து வருஷா வருஷம் பெறுவதற்கு இங்கே இடமே இல்லை.

ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிப்பு என்கிறார்கள். அப்படியானால் குடித்துக்கொண்டும் இருக்கலாமா?

கூடாது. பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" (ரோமர் 6:1-2). அந்த "எப்போதும்" என்ற வார்த்தையை நான் பாடத்தில் பயன்படுத்துவதில்லை. தப்பு என்பதற்காக அல்ல. அதைக் கேட்கிறவர் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பரிசுத்தவான்களின் விடாமுயற்சி என்று பழைய சீர்திருத்தச் சபைகள் சொல்லும், அதாவது தேவன் காக்கிறவர் விசுவாசத்திலே காக்கப்படுகிறார், விசுவாசம் இல்லாமல் அல்ல. 1 பேதுரு 1:5 அப்படியேதான் இருக்கிறது: தேவனுடைய பலத்தினாலே, விசுவாசத்தைக் கொண்டு.

குலசேகரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரர். ஏழு மாதம் குடிக்காமல் இருந்தார், ஒரு கல்யாண வீட்டில் விழுந்துவிட்டார். மறுநாள் விடியுமுன்னே என் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் டார்ச் லைட் எரிந்தபடியே இருந்தது, அணைக்க மறந்திருக்கிறார். கையில் பால்வெட்டுக் கத்தி. வாசற்படியில் உட்கார்ந்து, "நான் இனி அவருக்க பிள்ளை இல்லைதானே?" என்று கேட்டார். அன்றைக்கு மரம் வெட்டப் போகவில்லை, ஒரு நாள் கூலி போயிற்று.

அதே தெருவில் இன்னொருவர் உண்டு. அவரும் கை தூக்கியவர், சாட்சி சொன்னவர். தினமும் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பார். கேட்டால் "நான் என்றைக்கோ இரட்சிக்கப்பட்டவன், உன் வேலையைப் பார்" என்பார். முதல் ஆளுக்கு நான் வாசித்துக் காட்டியது "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" (நீதிமொழிகள் 24:16). இரண்டாவது ஆளுக்கு மத்தேயு 7:23, "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை." அங்கே ஆண்டவர் முன்பு அறிந்திருந்தேன், இப்போது மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை, ஒருக்காலும் என்கிறார். விழுந்து அழுகிறவரையும், விழுந்த இடத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பவரையும் ஒரே வசனத்தால் அணுகக் கூடாது. கை தூக்கிய தேதி எந்த மனிதரையும் காப்பாற்றாது, கிறிஸ்துதான் காப்பாற்றுகிறார்.

அந்த மனைவிக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடி வாங்கிக்கொண்டு இருப்பது உங்கள் இரட்சிப்புக்கான நிபந்தனை இல்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போனால் நீங்கள் பின்மாற்றக்காரி, அதாவது விசுவாசத்தை விட்டு விலகினவள், ஆகமாட்டீர்கள்.

நம்ம ஊரிலேயே ஒவ்வொரு சபையும் ஒவ்வொன்று சொல்கிறதே. யாரை நம்புவது?

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பார்த்தால் இரண்டாயிரம் வருஷத் திருச்சபைச் சரித்திரத்தையே ஒரு தெருவில் பார்த்துவிடலாம்.

கத்தோலிக்க சபை, சாவான பாவத்தால் தேவனுடைய அருளை இழக்கலாம், பாவசங்கீர்த்தனத்தால் திரும்பப் பெறலாம் என்று போதிக்கிறது. 1547இல் திரெந்து சங்கம் இதைத் தெளிவாக எழுதியது. லூத்தரன் சபையும் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின்படி, நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்க முடியும், மனந்திரும்பினால் எப்போதும் வழி உண்டு என்கிறது. இரட்சணிய சேனைக்குப் பதினொரு கோட்பாடுகள் உண்டு, அதில் ஒன்பதாவது, இரட்சிப்பின் நிலையில் தொடர்வது கிறிஸ்துவில் கீழ்ப்படிதலுள்ள விசுவாசம் தொடர்வதைப் பொறுத்தது என்று சொல்கிறது. பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளும் அந்தப் பக்கம்தான். பிரதரன் சபையாரும் பாப்டிஸ்டுகளில் பலரும் எதிர்ப் பக்கம், நித்திய பாதுகாப்பு என்பார்கள்.

சிஎஸ்ஐ? இங்கேதான் சுவாரஸ்யம். நம் மாவட்டத்துக்குச் சீர்திருத்தச் சபையின் சுவிசேஷம் 1806இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே ஐயரோடு வந்தது. அவரை அனுப்பிய லண்டன் மிஷனரி சங்கம் பெரும்பாலும், தேவன் தம்முடையவர்களை இழக்கமாட்டார் என்ற கால்வினின் போதனையில் வளர்ந்தவர்களுடையது. ஆனால் 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்தப் பாரம்பரியத்தோடு ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். மெதடிஸ்டுகளின் தகப்பன் ஜான் வெஸ்லி, விசுவாசி விழுந்து கெட்டுப்போக முடியும் என்று போதித்தவர். ஆக ஒரே சபையில், ஒரே பெஞ்சில், இரண்டு கருத்துக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திருவிருந்தை எடுக்கிறார்கள்.

இந்த விவாதம் உச்சத்துக்குப் போனது ஹாலந்தில். கால்வினின் போதனையோடு மாறுபட்ட போதகர் அர்மீனியுஸ் 1609இல் இறந்தபின், அவருடைய சீஷர்கள் 1610இல் ஐந்து பிரிவுகளாக ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். இரட்சிப்பை இழக்க முடியுமா என்ற ஐந்தாவது பிரிவில், இதை வேதத்தில் இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் அவர்களே முதலில் எழுதினார்கள். 1618-19இல் தோர்ட் சங்கம் கூடி, தேவன் தம்முடையவர்களை முடிவுவரை காப்பார் என்று தீர்மானித்தது. அவ்வளவு படித்தவர்களே முதலில் தயங்கிய விஷயம் இது. அதனால் மாற்றிச் சொல்கிற சபைக்காரரைக் கள்ளப்போதகர் என்று கூப்பிடாதீர்கள். இரண்டு பக்கமும் கடைசியில் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள்: கிறிஸ்துவை விட்டுவிட்டு, திரும்பாமலே சாகிறவருக்கு நம்பிக்கை சொல்ல யாரிடமும் வசனம் இல்லை. அவரிடம் இரட்சிப்பு இருந்து இழந்தாரா, முதலிலிருந்தே இல்லையா என்பதில்தான் வித்தியாசம். 1 யோவான் 2:19, "நம்முடையவர்களாயிருந்தார்களானால் நம்முடனே நிலைத்திருப்பார்களே" என்று சொல்வதால் நான் இரண்டாவதைச் சொல்கிறேன்.

யூதாஸ் இழந்தானா? பேதுருவும் மறுதலித்தாரே?

யூதாஸைப் பற்றி யோவான் 6:64, விசுவாசியாதவர்கள் இன்னாரென்று இயேசு ஆதிமுதலாக அறிந்திருந்தார் என்கிறது; 12:6 அவன் பணப்பையிலிருந்து திருடினவன் என்கிறது. அவனிடம் இருந்தது இழந்துபோகவில்லை, இல்லாதது வெளியே வந்தது. பேதுருவிடம் இயேசு, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" (லூக்கா 22:32) என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். குணப்பட்டால் என்று அல்ல, குணப்பட்டபின்பு.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரம். 10ஆம் வசனத்தில் தேமா, இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் போய்விட்டான் என்று வருகிறது. அடுத்த வசனத்தில் "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று வருகிறது. இந்த மாற்கும் ஒரு காலத்தில் பம்பிலியாவில் பவுலை விட்டுவிட்டு ஓடிவந்தவன்தான். போன அன்று இரண்டு பேருடைய முதுகும் ஒரே மாதிரித்தான் தெரிந்திருக்கும். அதனால்தான் விட்டுப்போன யாரைப் பற்றியும் "அவன் தேமா" என்று நாம் முத்திரை குத்தக்கூடாது.

வீட்டாருக்குப் பயந்து, "நான் கிறிஸ்துவை நம்பவில்லை" என்று சொல்லிவிட்டேன். எனக்கு மன்னிப்பு உண்டா?

உண்டு, அக்கா. இதை ஒரு சகோதரி கேட்டபோது அவர் கையில் வளையல் உடைந்த காயம் ஆறவில்லை. இந்தக் கேள்விக்குச் சபை ஏற்கெனவே கண்ணீரோடு பதில் தேடியிருக்கிறது. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியுஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். கிறிஸ்தவர்களில் ஏராளமானோர் பயந்து பலியிட்டார்கள், சிலர் காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். ஆபத்து நீங்கினதும் அழுதுகொண்டு சபைக்கு வந்தார்கள். நோவாத்தியான் என்பவர், இவர்களைச் சேர்க்கவே கூடாது என்று தனிச் சபையாகப் பிரிந்துபோனார். கார்த்தேஜின் பேராயர் சிப்பிரியானும் மற்றவர்களும் 251இல் கூடி, மனந்திரும்புதலுக்குக் காலம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ள முடிவுசெய்தார்கள். சபை சரியான பக்கம் நின்றது.

நம் மண்ணில் நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளை வருஷக்கணக்காகச் சித்திரவதைப்பட்டும் மறுதலிக்காமல், 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு மரித்தார். 2022 மே 15இல் கத்தோலிக்க சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவரை நினைத்து நாம் பெருமைப்படுவது சரிதான். ஆனால் அவரைக் காட்டி உங்களை அடிக்கிறவர்கள், அன்று சேவல் கூவினபோது அழுத பேதுருவைச் சேர்த்துக்கொண்ட ஆண்டவரை மறந்துவிட்டார்கள்.

நாலு தடவை என்னைக் கிறிஸ்துவுக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறேன். எது உண்மை?

என் பழைய வேதாகமத்தின் முதல் தாளில் நாலு தேதிகள் இருக்கின்றன. பன்னிரண்டு வயதில் நீல மசியில் எழுதியது. பதினாலில் அதை அடித்துவிட்டுப் புதியது. பதினேழில் இன்னொன்று, அதற்குள் ஒரு பிரசங்கியார் முந்தியதெல்லாம் உணர்ச்சிவசம் என்று சொல்லிவிட்டார். பத்தொன்பதில் சிவப்பு மசியில் கடைசியாக, அடிக்கோடு போட்டு. ஒவ்வொரு கன்வென்ஷனிலும், பந்தல் மூலையில் டியூப் லைட்டில் ஈசல் விழுந்துகொண்டிருக்க, "நான் இன்னும் வரவில்லையோ" என்று எழுந்து முன்னால் போவேன். எனக்கு ஓய்வுநாள் பள்ளி எடுத்த பெரியவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மக்கா, கல்யாணத் தேதி மறந்துபோன தாத்தா உனக்க ஊர்ல உண்டா?" உண்டு என்றேன். "அவருக்குப் பெண்டாட்டி இல்லைன்னு சொல்லுவியா?"

அதற்கப்புறம் நான் முன்னால் போகவில்லை. எந்தத் தேதி உண்மை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இன்றைக்கு அவரை நம்புகிறீர்களா? பாவம் உங்களுக்குக் கசக்கிறதா? சகோதரர்கள்மேல் அன்பு துளியாவது இருக்கிறதா? 1 யோவான் நிருபம் நிச்சயத்துக்காகக் கேட்கிற கேள்விகள் இவைதான். அது எங்கேயும் தேதி கேட்கவில்லை.

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேன் என்று தோன்றுகிறது.

வேதபாரகர் கண்ணெதிரே ஆவியானவர் செய்த கிரியையைப் பார்த்துவிட்டு, தெரிந்தே அதைப் பிசாசின் வேலை என்றார்கள் (மாற்கு 3:22-30). அவர்கள் அதற்காக ஒரு ராத்திரிகூடத் தூக்கம் இழக்கவில்லை. நீங்கள் இழந்திருக்கிறீர்கள். மனதுக்குள் கெட்ட வார்த்தை தானாக வருகிறது, தூஷணம் வருகிறது, நிறுத்த முடியவில்லை என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். அது பல நேரம் வைத்தியம் பார்க்க வேண்டிய மனப் பதற்றம். ஜெபியுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

சபை மாறினால் இரட்சிப்பு போய்விடுமா?

போகாது. போகும் என்று சொல்கிற சபையில் ரொம்ப நாள் இருக்காதீர்கள்.

ஜீவபுஸ்தகத்திலிருந்து பேரைக் கிறுக்கிப்போடுவார் என்று இருக்கிறதே?

வெளிப்படுத்தல் 3:5ஐத் திரும்ப வாசியுங்கள். கிறுக்கிப்போடாமல் இருப்பேன் என்ற வாக்குத்தத்தம் அது.

ஜெபிக்கவே முடியவில்லை. உள்ளே காய்ந்து கிடக்கிறது.

காய்ந்து கிடப்பது வேறு, மறுதலிப்பது வேறு. "மங்கியெரிகிற திரியை அணைக்காமலும் இருப்பார்" (மத்தேயு 12:20) என்ற வசனம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. சொந்த வார்த்தை வராவிட்டால் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், அதுவே ஜெபம். பிள்ளை பெற்று மூன்று மாதம் தூங்காத தாய், இரட்டை ஷிப்ட் பார்க்கிற நர்ஸ், இவர்கள் எல்லாம் தங்களைப் பின்மாற்றக்காரர் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நான் முதலில் போய்த் தூங்கச் சொல்வேன்.

பாட்டிக்கு மறதி நோய். இயேசு யாரென்றே இப்போது தெரியவில்லை. அவர்கள் இரட்சிப்பு?

என் பாட்டிக்கு இதுதான் வந்தது. முதலில் எங்கள் பேர்கள் போயின, பிறகு தன் பேர். குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தால் மட்டும் கை தானாகச் சேலைத் தலைப்பைத் தேடி எடுத்துத் தலையில் போடும். கடைசி ஆறு மாதம் அதுவும் நின்றுபோனது. யாரும் போட்டுவிட்டால் இழுத்துக் கீழே தள்ளிவிடுவார்கள். அம்மா ஒரு நாள் அடுக்களையில் நின்று அழுதாள், "இனி அம்மைக்கு என்ன ஆகும்?" என்று.

தேவன் தம்முடைய பிள்ளைகளைப் பிடித்திருப்பது அவர்களுடைய ஞாபகத்தைக் கொண்டு அல்ல. "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" (ஏசாயா 49:15). மறுதலிப்பது என்பது தெரிந்து தள்ளிவிடுவது, மூளை நோயால் மறப்பது அது இல்லை. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் பாட்டி கிறிஸ்துவோடு இருக்கிறார்கள்.

தற்கொலை செய்துகொண்ட விசுவாசி நரகத்துக்குத்தான் போவாரா?

அப்படி ஒரு வசனம் வேதத்தில் இல்லை. அது பாவம்தான், ஆனால் ஒருவருடைய கடைசிச் செயலை வைத்து அவருடைய முழு விசுவாசத்தையும் நாம் நியாயந்தீர்க்க முடியாது, அதிலும் நோயால் மனம் உடைந்தவரை. துக்க வீட்டில் போய் இதைப் பிரசங்கிக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். இதை வாசிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இப்போதே பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்லது 14416க்கு அழையுங்கள். அரசாங்கத்தின் டெலி-மனஸ் சேவை அது, கட்டணம் இல்லை, எந்நேரமும் பேசலாம்.

மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் சபைப் பக்கமே போவதில்லை. என்ன செய்ய?

அவனுடைய நிலை என்ன என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததால்தான் நம்மால் ஜெபிக்க முடிகிறது. போனில் ஒவ்வொரு தடவையும் "சபைக்குப் போனியா?" என்று தொடங்காதீர்கள், அவன் போனை எடுப்பதையே குறைத்துவிடுவான். என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். ஆனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நீங்களே உங்களைத் தேற்றிக்கொள்ளவும் வேண்டாம். பிள்ளையாய் இருக்கும்போது ஞானஸ்நானம் பெற்றான், பதினைந்தில் திடப்படுத்தல் எடுத்தான், அதனால் பயமில்லை என்று சொல்லும் பெற்றோரைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை கூடுகிறது. லீவுக்கு வரும்போது ஒரு தடவை, சண்டை போடாமல், உங்கள் பயத்தை நேராகச் சொல்லுங்கள். யாக்கோபு 5:19-20 தப்பிப்போனவனைத் திருப்புகிற வேலையைப் போதகருக்கு மட்டும் கொடுக்கவில்லை.

திரும்பி வர ஆசை. ஆனால் சபைக்குள் நுழைய வெட்கமாக இருக்கிறது.

பெரிய ஆராதனைக்கு வர வேண்டாம். காலை முதல் ஆராதனைக்கு வாருங்கள், கூட்டம் குறைவு. முதல் பாட்டு தொடங்கினபின் உள்ளே வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்காருங்கள். சாட்சி சொல்ல யாராவது கூப்பிட்டால் "இன்னொரு நாள்" என்று சொல்லலாம், அது பாவம் இல்லை. முன்னால் போய்க் கை தூக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. திருவிருந்து எடுக்கத் தயக்கமாக இருந்தால் போதகரிடம் தனியாகப் பேசுங்கள், அவரிடம் பேச முடியாவிட்டால் நீங்கள் நம்புகிற ஒரு மூத்த விசுவாசியிடம். யாரிடமாவது கடன் ஏமாற்றியிருந்தாலோ, ஒருவரை நோகடித்திருந்தாலோ அதைச் சரிசெய்யத் தொடங்குங்கள், முழுவதும் முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று காத்திருக்க வேண்டாம். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" (யோவான் 6:37) என்று சொன்னவர், எத்தனையாவது தடவை என்று கேட்கவில்லை. எங்கள் சபையில் கடைசி பெஞ்சுக்கு மேலே இருக்கிற ஃபேன் மட்டும் கொஞ்சம் சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.